வாராக்கடன்

அவரை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால், நிச்சயம் தெரியும்.

சென்னை பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, சுரங்கப்பாதைக்குள் நுழைந்து, சென்ட்ரல் பக்கம் படியேறுகிறீர்கள். தோளில் பை. கையில் தண்ணீர் பாட்டில். கோயமுத்தூர் வண்டி கிளம்ப இன்னும் பன்னிரண்டு நிமிஷம்தான் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து, பக்கவாட்டிலிருந்து ஒரு குரல்.

“சார், ஒரு நிமிஷம். தப்பா நினைச்சுக்காதீங்க...”

திரும்பிப் பார்க்கிறீர்கள். இஸ்திரி கலைந்த சட்டை. தோளில் ஒரு ரெக்ஸின் பை. பிச்சைக்காரர் மாதிரி இல்லை. உங்கள் ஆபீஸில் பக்கத்து ஸீட்டில் உட்காரக்கூடியவர் மாதிரிதான் இருக்கிறார்.

“பர்ஸ், போன் எல்லாம் போயிடுச்சு சார். எழும்பூர் போய் விழுப்புரம் வண்டி பிடிக்கணும். ஒரு நூறு ரூபா இருந்தாப் போதும். உங்க நம்பர் கொடுங்க, ஊருக்குப் போனதும் ஜி-பேயில அனுப்பிடறேன்.”

முடிவெடுக்க உங்களுக்கு நாலு நொடி அவகாசம்.

சிலர் காதில் விழாத மாதிரி நடையை எட்டிப் போடுவார்கள். சிலர், “சில்லறை இல்லப்பா” என்பார்கள். (செல்போனிலேயே பணம் அனுப்பும் காலத்தில் இந்தப் பொய்க்கு மவுசு குறைந்துவிட்டது என்பது வேறு விஷயம்!) இன்னும் சிலர் நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டு, வண்டி பேசின் பிரிட்ஜ் தாண்டும்வரை தங்களையே திட்டிக்கொள்வார்கள். போன பணம்கூடப் பெரிதில்லை. ‘நல்லா ஏமாந்தான்யா’ என்று அந்த ஆள் மனசுக்குள் சிரித்திருப்பானோ என்பதுதான் அரித்துக்கொண்டே இருக்கும்.

முன்பின் தெரியாத ஒருவர். சரிபார்க்க வழியே இல்லாத ஒரு கதை. அதை நம்பவேண்டிய கடமை நமக்கு இருக்கிறதா? நம்பாமல் போனால் அது தப்பா? நம்பி ஏமாந்தால் அது முட்டாள்தனமா?

நூறு ரூபாய் சமாசாரத்துக்கு இவ்வளவு பெரிய கேள்வியா என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கேள்விக்கு சென்ட்ரல் வாசலைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் கிடைப்பது கஷ்டம்.

அந்த இடத்தை ஒருதரம் மனசுக்குள் சுற்றிவாருங்கள். 1873-ல் கட்டப்பட்ட சென்ட்ரல், மணிக்கூண்டோடு நடுவில் நிற்கிறது. எதிர்ப்பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தாண்டினால் பார்க் ஸ்டேஷன். 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்த கடற்கரை - தாம்பரம் பாதை அது. கொஞ்சம் தள்ளி, 1995-ல் வந்த பறக்கும் ரயிலின் பார்க் டவுன். சென்ட்ரலுக்குப் பக்கத்தில், 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்த இடத்தில், புறநகர் ரயில்களுக்கான நிலையம். பூமிக்கு அடியில் மெட்ரோ. 2018-ல் ஒரு பாதையும் 2019-ல் இன்னொரு பாதையும் அங்கே வந்து சேர்ந்தன. இவ்வளவும் ஒரு பத்து நிமிஷ நடைக்குள்.

இத்தனை ரயில்கள் இருந்தும், அங்கே தங்குவதற்கென்று யாரும் வருவதில்லை. வேறெங்கோ போகத்தான் வருகிறார்கள். ரயில் மாறும் நிலையம் என்றாலே அதுதானே?

உங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். “பர்ஸை வீட்ல வச்சிட்டேன், அண்ணாச்சி” என்றால், “அதுக்கென்ன, நாளைக்குக் கொடுங்க” என்கிறார். அவர் உங்களை மட்டும் நம்பவில்லை. ‘நாளை’ என்ற ஒன்றையும் சேர்த்து நம்புகிறார். நாளைக்கும் நீங்கள் அந்தத் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். உங்கள் பிள்ளை அவர் கடையில்தான் தேன்மிட்டாய் வாங்கியாக வேண்டும். பெயர் கெட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

சென்ட்ரல் வாசலில் அந்த ‘நாளை’ கிடையாது. கேட்பவரை நீங்கள் மறுபடி பார்க்கப் போவதில்லை. அவரும் உங்களைப் பார்க்கப் போவதில்லை. பொய் சொல்லிப் பிழைக்க நினைப்பவருக்கு இதைவிட வசதியான இடம் ஏது? தினமும் புதுப்புது முகங்கள். எல்லா முகத்திலும் அவசரம்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நிஜமாகவே வழியில்லாமல் நிற்பவர்களும் அதே வாசலில்தான் நிற்கிறார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் பெரியாஸ்பத்திரி. 1664-ல் கோட்டைக்குள் தொடங்கி, இன்று ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையாக நிற்கும் அந்த ஆஸ்பத்திரிக்கு எந்தெந்த மாவட்டத்திலிருந்தெல்லாமோ ஜனங்கள் வருகிறார்கள். நாலு நாள் என்று சொல்லி வந்தவர்கள் பதினாலு நாள் தங்க நேர்கிறது. வைத்தியத்துக்குச் செலவில்லைதான். கூட வந்தவருக்கு டீக்கும், இட்லிக்கும், அவசரத்துக்கு ஊர் போய்த் திரும்பும் பஸ்ஸுக்கும் செலவு உண்டே? கையிருப்பு கரைந்த பிறகு, வெட்கத்தை விட்டு யாரிடமாவது கேட்டுத்தான் ஆகவேண்டும். ஜேபடிக்காரரிடம் பர்ஸைப் பறிகொடுத்தவர்கள் எல்லாம் கதையில் மட்டுமா இருக்கிறார்கள்? உங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருப்பார், விசாரித்துப் பாருங்கள்.

ஆக, நிஜமும் பொய்யும் ஒரே படிக்கட்டில், ஒரே வசனத்தோடு நிற்கின்றன. இதில் ஒரு வேதனையும் உண்டு. பொய்க்காரர் தினமும் கேட்டுப் பழகியவர். எங்கே நிறுத்தவேண்டும், எங்கே தொண்டை கம்மவேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. முதல் தடவையாகக் கேட்பவருக்கு ஒழுங்காகக் கேட்கவே வராது. திக்குவார். கண்ணைப் பார்க்க மாட்டார். கதையை முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லுவார். பேச்சை வைத்து ஆளை எடைபோடலாம் என்று நினைத்தால், பொய்க்காரருக்கு நோட்டு கிடைக்கும். நிஜமாகத் தவிப்பவருக்கு நம் முறைப்புதான் கிடைக்கும்.

சரி, நாலு நொடியில் நாம் முடிவெடுப்பது மனசாட்சியைக் கேட்டா? அமெரிக்காவில் 1973-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இந்த நினைப்பில் நன்றாகவே மண்ணைப் போட்டது. டார்லி, பேட்ஸன் என்ற இரண்டு உளவியல்காரர்கள் செய்தது. பிரின்ஸ்டனில், பாதிரியார் ஆவதற்குப் படிக்கும் நாற்பது மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்தச் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு என்ன தெரியுமா? அடிபட்டுக் கிடந்த வழிப்போக்கனுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய பைபிள் கதை! போகிற வழியில் ஒரு ஆளைச் சுருண்டு உட்காரவைத்து, இருமவும் முனகவும் வைத்தார்கள்.

அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவிகிதம் பேர் உதவ முன்வந்தார்கள். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45 சதவிகிதம். ‘ஐயையோ, லேட்டாயிடுச்சு, ஓடுங்க’ என்று விரட்டப்பட்டவர்களில் வெறும் 10 சதவிகிதம். எந்தத் தலைப்பில் பேசப்போகிறார் என்பதால் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களிலேயே சிலர், முனகிக்கொண்டிருந்தவரைத் தாண்டிக் கால்வைத்துப் போனார்களாம்.

இதைப் படித்துவிட்டு சென்ட்ரலை நினைத்துப் பாருங்கள். அங்கே நடப்பவர்களில் அவசரம் இல்லாதவர் யார்? நம் கருணையின் அளவை நம் குணம் தீர்மானிப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல நேரம் அதைத் தீர்மானிப்பது ரயில்வே டைம்டேபிள்.

இன்னொருவரையும் இங்கே கூப்பிட வேண்டும். ஜெர்மனியின் தத்துவ மேதை இம்மானுவேல் கான்ட். 1785-ல் அவர் எழுதிய ஒரு நூலில் கிட்டத்தட்ட நம்ம ரெக்ஸின் பைக்காரரே வருகிறார்! பண நெருக்கடியில் இருக்கும் ஒருவன், திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே, ‘திருப்பித் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுத்துக் கடன் வாங்கலாமா? கான்ட் சொல்லும் பதிலின் சாரம் இது: எல்லோரும் அப்படியே செய்தால் என்ன ஆகும்? அப்புறம் யாருடைய வாக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள். வாக்குக் கொடுப்பது என்ற காரியமே செத்துப்போகும். அந்தப் பொய்கூட பலிக்காது.

இதை நம்ம ஊர் வாசலில் வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. ஏமாற்றுக்காரரிடம் நஷ்டப்பட்டது யார்? நீங்கள் என்று நினைக்கிறீர்கள். உங்களுக்குப் போனது நூறு ரூபாய், அவ்வளவுதான். அடுத்த வாரம் நிஜமாகவே பர்ஸைத் தொலைத்துவிட்டு உங்களிடம் வந்து நிற்கிறாரே, அவர்தான் பெரிய நஷ்டக்காரர். உங்களிடம் அவருக்காக இருந்த நம்பிக்கையை, அவர் வருவதற்கு முன்பே இன்னொருத்தர் எடுத்துச் செலவழித்துவிட்டார். பற்று எழுதப்பட்டது, அந்த இடத்திலேயே இல்லாத ஒருவரின் கணக்கில்!

அந்தத் தப்பான பதிவை அப்படியே வைத்திருப்பதா, திருத்துவதா? அது மட்டும் நம் கையில் இருக்கிறது.

என் நண்பர் ஒருவர் ஆடிட்டர். இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். “நீ கொடுக்கிற ஒவ்வொரு நூறு ரூபாயும் அந்தத் தொழிலுக்கு முதலீடு. யாருமே கொடுக்கலைன்னா பொய்க்காரன் கடையைக் கட்டிட்டுப் போயிடுவான். அப்புறம் கேட்கிறவன் எல்லாம் நிஜமா கேட்கிறவனாத்தான் இருப்பான். அதனால, கொடுக்காம இருக்கிறதுதான் உண்மையான தர்மம்” என்பார்.

இந்த வாதத்தைச் சுலபமாக ஒதுக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது பொய்யை வளர்க்கும் என்பது உண்மை. ஆனால், இடைப்பட்ட காலத்தில் நிஜமாகத் தவிப்பவர் எங்கே போவார் என்பதற்கு அவர் வாதத்தில் பதில் இல்லை. பொய்க்காரர்கள் ஒழியும்வரை நீ பிளாட்பாரத்தில் படுத்துக்கொள் என்று சொல்ல முடியுமா?

வள்ளுவரே இதில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடவில்லை. 106-வது அதிகாரம் ‘இரவு’. கேட்கத்தக்கவரிடம் கேட்பதில் இழிவில்லை என்கிற தொனி அதில் இருக்கிறது. பக்கத்தைப் புரட்டினால் 107-வது அதிகாரம் ‘இரவச்சம்’. கேட்கவே அஞ்சு என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அது போதாதென்று, ஆளை ஆராய்ந்து தெளிய வேண்டும் என்பதற்கு 51-வது அதிகாரமாகத் ‘தெரிந்து தெளித’லும் இருக்கிறது. ஆனால், ஆராய்ந்து தெளிய நேரம் வேண்டும். படிக்கட்டில் நமக்கு இருப்பது நாலு நொடி.

இங்கேதான் நான் படித்த பி.காம். எனக்குக் கைகொடுக்கிறது. காமர்ஸ் படித்தவர்களுக்கு ‘வாராக்கடன், ஐயக்கடன் ஒதுக்கு’ என்ற சொற்கள் நினைவிருக்கும். படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

சென்ட்ரலுக்கு அந்தப் பக்கம், சௌகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூறு கடைக்காரர்களுக்குக் கடனில் சரக்குக் கொடுக்கிறார். அதில் ஐந்து பேர் கைவிரித்துவிடுவார்கள் என்று அனுபவத்தில் அவருக்குத் தெரியும். எந்த ஐந்து பேர் என்றுதான் தெரியாது. அதற்காக அவர் கடன் கொடுப்பதை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் அந்த ஐந்து பேரோடு 95 யோக்கியர்களின் வியாபாரமும் போய்விடும். வருஷக் கடைசியில் நிதானமாக உட்கார்ந்து, ‘இவ்வளவு வராமல் போகலாம்’ என்று ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி எழுதிவிடுகிறார். அப்புறம் ஒருவர் கைவிரித்தால் அவர் தலையில் இடி விழுவதில்லை. ஒதுக்கில் கழிகிறது, அவ்வளவே. அவரை யாரும் ஏமாளி என்பதில்லை. விவரமான வியாபாரி என்றுதான் சொல்கிறோம்.

இரண்டு தப்புகளையும் தராசில் வைத்துப் பாருங்கள். பொய்யரை நம்பினால் போவது நூறு ரூபாய். நிஜமானவரை நம்பாமல் போனால், ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் மனைவிக்குச் சேதி சொல்லவோ, ஊருக்குப் போய்ப் பணம் புரட்டவோ முடியாமல் ஓர் இரவு முழுக்கத் தூணோரம் உட்கார்ந்திருக்கலாம். இரண்டும் ஒரே எடைதானா?

இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள பி.காம். வேண்டியதில்லை. பார்க் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் ஒருநாள் ஒரு வயதான அம்மா நின்றார். கையில் எக்ஸ்ரே கவர், ஒரு ஒயர்கூடை. வரிசையில் நின்ற ஒரு பையனிடம் என்னவோ கேட்க வாயெடுத்தார். அவர் கேட்கும் முன்பே அவன் தலையை ஆட்டிவிட்டான். காதில் இருந்த இயர்போனைக் கழற்றவில்லை. படியோரம் பூ விற்றுக்கொண்டிருந்த பெண்மணி, “இன்னாம்மா, காசு கொறையுதா?” என்று கேட்டு, மடியிலிருந்து இரண்டு நோட்டுகளை எடுத்து நீட்டினார். அந்த அம்மா போனதும், “தெரிஞ்சவங்களா?” என்று கேட்டேன்.

“யாருன்னே தெர்யாது சார்.”

“இங்க ஏமாத்தறவங்க ஜாஸ்தியாச்சேம்மா?”

“இருக்கானுங்க. மாசம் ஒரு எறநூறு ரூபா அப்டி பூடும். பூவு வாங்கறேன், தெனம் ரெண்டு மொழம் அழுகித்தான் போவுது. அதுக்குன்னு பூவே வாங்காம இருக்க முடியுமா?”

காஸ்ட் அக்கவுன்டிங் பாடத்தில் இதற்கு ‘இயல்பு நட்டம்’ என்று பெயர். தவிர்க்க முடியாத, எதிர்பார்த்த, விலையிலேயே சேர்த்துவிட்ட நட்டம். மூன்று வருஷம் படித்து நாங்கள் பரீட்சைத் தாளில் எழுதியதை அந்தப் பெண்மணி மனிதர்கள் விஷயத்தில் நடத்திக்கொண்டிருக்கிறார்.

கவனியுங்கள், அவர் கணக்கில் ஒரு வரம்பு இருக்கிறது. மாசம் இருநூறு. ஆடிட்டர் நண்பரின் கவலைக்கு அதுதான் பதில். ஒதுக்கு என்றாலே வரம்பு உண்டு. கேட்டவருக்கெல்லாம் அள்ளிக்கொடுப்பது தர்மமும் ஆகாது, கணக்கும் ஆகாது. கொடுப்பதிலும் விதவிதமான வழிகள் உண்டு. “வாங்க, டிக்கெட் எடுத்துத் தர்றேன்” என்று கவுன்ட்டர் பக்கம் திரும்பலாம். பசி என்றால் பொட்டலம் வாங்கித் தரலாம். சின்னப் பிள்ளை தனியாக நின்றால் அதன் கையில் காசைத் திணித்துவிட்டு நகர்வது உதவியே ஆகாது. 1098-ஐக் கூப்பிட வேண்டும், அல்லது ரயில்வே போலீஸிடம் அழைத்துப் போக வேண்டும். ரயிலிலும் ஸ்டேஷனிலும் ஏற்படும் மற்ற சிக்கல்களுக்கு 139 இருக்கிறது. உங்கள் போனை அவருக்குக் கடன் கொடுக்க பயமாக இருந்தால், நம்பரைக் கேட்டு நீங்களே அடித்து ஸ்பீக்கரில் பேசவிடலாம். பொய்க்காரருக்குப் பேச ஆள் இருக்காது. நிஜமானவருக்கு அந்தப் பக்கம் யாராவது பதறிக்கொண்டிருப்பார்கள்.

ஒன்றுமே செய்ய முடியாத நாளும் வரும். நிஜமாகவே வண்டி கிளம்பிக்கொண்டிருக்கும். மாசக் கடைசியில் உங்கள் ஒதுக்கே காலியாகியிருக்கும். அன்றைக்கும் கொடுக்க ஒன்று மிச்சமிருக்கிறது. நின்று, முகத்தைப் பார்த்து, “இன்னிக்கு முடியலைங்க” என்று சொல்லலாம். காசு கொடுக்க மறுப்பதற்கும் மரியாதை கொடுக்க மறுப்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. இயர்போன் பையனிடம் காசு இல்லாமல் இருந்திருக்கலாம். அதில் தப்பே இல்லை. ஆனால், அந்த அம்மா என்ன கேட்க வந்தார் என்பதே அவனுக்குத் தெரியாது. ஒருவேளை வழி கேட்க வந்திருந்தாலும் அதே தலையாட்டல்தான் கிடைத்திருக்கும். முன்பு எவரோ அவனை ஏமாற்றியதற்கான பில் அந்த அம்மாவிடம் நீட்டப்பட்டது.

அதனால், அந்தக் குரல் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். வியாபாரி தன் ஒதுக்கை, கடை வாசலில் கூட்டம் மொய்க்கும்போது எழுதுவதில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஃபேனைப் போட்டுக்கொண்டு, நிதானமாக எழுதுகிறார். அவசரத்தில் இருக்கும் மனசை நம்ப முடியாது என்று அந்தப் பாதிரியார் மாணவர்கள் காட்டிவிட்டார்கள். அவசரம் இல்லாத மனசு வீட்டில் இருக்கிறது. இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசியுங்கள். இந்த மாசம் எத்தனை ரூபாய்க்கு ஏமாறலாம்? ஐம்பதோ, நூறோ, ஐந்நூறோ, உங்கள் சக்திக்கு ஏற்ற மாதிரி ஒரு தொகை. அதைத் தனியாக எடுத்துச் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.

அந்தப் பணம் ஏற்கெனவே போய்விட்டது. இனி அதை யாரும் உங்களிடமிருந்து ஏமாற்றி வாங்க முடியாது. கேட்பவர் முகத்தைப் பயமில்லாமல் பார்க்கலாம்.